கடைக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லையா? கணக்கு போய்விட்டது என்று பதற வேண்டாம்!

மீட்பு டிஸ்க், நெட்வொர்க் கார்டு, டிரைவர்: மளிகை வணிகர்கள் அறிந்திருக்க வேண்டியவை



காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியதும் நம்மில் பலர் செய்யும் அடுத்த வேலை, கம்ப்யூட்டர் சுவிட்சைப் போடுவதுதான். ஒரு காலத்தில் பேரேடும் சிட்டையும் இருந்த இடத்தில் இன்று அது உட்கார்ந்திருக்கிறது. பேரேட்டை எலி கடித்தாலும் மீதிப் பக்கங்கள் மிஞ்சும். கம்ப்யூட்டர் ஒரு நாள் எழுந்திருக்க மறுத்தால் என்ன செய்வது? யாருக்கு நாம் எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், கிடங்கில் எத்தனை மூட்டை இருப்பு என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் தொழில் செய்யும் நமக்கு இது சாதாரண விஷயமல்ல. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை பிரிவது நம் ஊரில்தான். தொழிற்சாலை கேண்டீன்கள், தொழிலாளர் தங்கும் விடுதிகள், மெஸ்கள் என்று நம் வியாபாரத்தில் பெரும் பகுதி மாதக் கணக்கில் ஓடுகிறது. தொழிற்சாலைகள் வரும், போகும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் நிறுத்தியது. அப்படி ஒரு நாள் வரும்போது பாக்கிக் கணக்கு கையில் இருக்கிறவருக்குத்தான் பணம் கைக்கு வரும். கணக்கு இல்லாதவர் வாய் வார்த்தையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

ஆகவே, கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் கணக்கை வெளியே எடுப்பது எப்படி, அதில் பலரும் தடுக்கி விழும் இடம் எது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். இதை எழுதும் நானும் மளிகைக்காரன்தான். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

19-ஆம் தேதி இரவு நடந்தது

நம் ஊரில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கடை. மாதம் 19-ஆம் தேதி, மாலை. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் விண்டோஸ் சின்னத்தைக் காட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே போகவில்லை. மறுநாள் 20-ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள்.

மெக்கானிக் தம்பி வந்து பார்த்தார். "விண்டோஸ் போயிடுச்சு அண்ணாச்சி. ஃபார்மேட் பண்ணிப் புதுசா ஏத்திடலாம். பழசு எதுவும் இருக்காது, பரவாயில்லையா?" என்றார்.

"பழசு இல்லேன்னா நான் யார்கிட்ட போய் பாக்கி கேப்பேன் தம்பி?" என்றார் நண்பர்.

எனக்குப் போன் வந்தது. என்னிடம் 2018-ல் ஒருவர் செய்து கொடுத்த மீட்பு டிஸ்க், அதாவது ஒரு பென் டிரைவ், இருந்தது. அதைச் சொருகி கம்ப்யூட்டரைக் கிளப்பினோம். ஐந்து நிமிடத்தில் திரை வந்தது. உள்ளே பார்த்தால் கணக்குகள் அப்படியே இருந்தன. நண்பர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் அடுத்த படியில் மாட்டிக்கொண்டோம். கணக்குடன் பல வருடத்துக் கொள்முதல் பில்களின் ஸ்கேன் படங்களும் சேர்ந்து பெரிய சுமையாக இருந்தன. கையில் இருந்த பென் டிரைவ்களில் கொள்ளவில்லை. இரவு பத்து மணிக்கு எந்தக் கடையில் போய் ஹார்ட் டிஸ்க் வாங்குவது? கிடங்கில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கேபிள் ஏற்கெனவே ஓடுகிறது. அந்த வழியாக அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், மீட்பு டிஸ்க் 'நெட்வொர்க் இல்லை' என்று கை விரித்துவிட்டது. கேபிள் சரி. சுவிட்ச் பெட்டி சரி. காலை வரை இதே கம்ப்யூட்டரில், இதே கேபிளில் நெட் வந்துகொண்டுதான் இருந்தது. அப்படியிருக்க ஏன் இல்லை?

டிரைவர் என்றால் யார்?

இங்கே டிரைவர் என்றால் லாரி ஓட்டுபவர் அல்ல. கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷிகள் என்று இருந்தார்கள். துரைக்கு நம் மொழி தெரியாது; நம் வணிகருக்குத் துரையின் மொழி தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசி வியாபாரத்தை முடித்து வைத்தவர் துபாஷி. புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இன்றும் பேசப்படுகிறது. துபாஷி இல்லாத இடத்தில் கப்பல் நிறையச் சரக்கு வந்தாலும் பேரம் நடக்காது.

டிரைவர் அந்தத் துபாஷிதான். கம்ப்யூட்டரை நடத்தும் விண்டோஸ் அல்லது லினக்ஸ் ஒரு பக்கம். கேபிள் சொருகும் நெட்வொர்க் கார்டு மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே பேச ஒரு சிறிய புரோகிராம் வேண்டும். அதுவே டிரைவர். ஒவ்வொரு வகைக் கார்டுக்கும் அதன் மொழி தெரிந்த டிரைவர் வேண்டும்.

நம் கம்ப்யூட்டர் வாங்கும்போது விற்றவர் விண்டோஸையும் டிரைவர்களையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார். அதனால் நமக்கு இந்தப் பிரச்சினை தெரிவதே இல்லை. மீட்பு டிஸ்கில் கிளப்பும்போதோ, ஹார்ட் டிஸ்கில் உள்ள டிரைவர்களைக் கம்ப்யூட்டர் பயன்படுத்துவதில்லை. டிஸ்கில் இருப்பதை மட்டுமே நம்பி எழுகிறது. டிஸ்க் செய்த நாளில் உலகில் இல்லாத கார்டுக்கு அதில் டிரைவர் எப்படி இருக்கும்?

நண்பர் கடையில் நடந்தது அதுதான். அவருடையது புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர். அதில் தைவான் நாட்டு ரியல்டெக் கம்பெனியின் 8125 என்ற புதிய வகை கார்டு. லினக்ஸின் மையப் பகுதியில் இந்தக் கார்டுக்கான ஆதரவு 2019 நவம்பரில் வெளிவந்த 5.4 பதிப்பில்தான் சேர்ந்தது. என் டிஸ்கோ 2018-ஐச் சேர்ந்தது. கேபிளும் கெடவில்லை, கார்டும் கெடவில்லை, துபாஷிதான் இல்லை.

வழி தெரிந்ததும் வேலை சுலபமாயிற்று. கிடங்குக் கம்ப்யூட்டரிலேயே புதிய மீட்பு டிஸ்க்கை இறக்கி, வேறொரு பென் டிரைவில் ஏற்றி, மறுபடி கிளப்பினோம். கார்டின் விளக்கு மினுக்கியது. நள்ளிரவு தாண்டிக் கணக்கு முழுவதும் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் படிவமும் தாக்கல் ஆனது. அந்தத் தம்பி அதன் பிறகுதான் ஃபார்மேட் செய்தார்.

மீட்பு டிஸ்க் எங்கே கிடைக்கும்?

மீட்பு டிஸ்க் என்பது தனக்குள்ளேயே ஒரு முழு இயக்க முறையை வைத்திருக்கும் சி.டி. அல்லது பென் டிரைவ். ஹார்ட் டிஸ்கில் உள்ள விண்டோஸைத் தொடாமல் தானே கம்ப்யூட்டரை எழுப்பும். மெக்கானிக்குகள் இதை பூட்டபிள் டிஸ்க் என்பார்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. மீட்புக்கென்றே செய்யப்பட்ட சிஸ்டம்ரெஸ்க்யூ என்பதும் உண்டு. இவை லினக்ஸ் வகை, இலவசம். லினக்ஸ் என்றதும் அந்நியமாக நினைக்க வேண்டாம். நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்கக்கூடியது. நம் வீட்டுப் பிள்ளைகளில் லினக்ஸைத் தொட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விண்டோஸ் மாதிரியே திரை வேண்டும் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் பி.இ., அதை வைத்துச் செய்த ஹைரன்ஸ் பூட் சி.டி. பி.இ. ஆகியவை இருக்கின்றன.

அவற்றின் சொந்த இணையதளத்திலிருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற இலவசப் புரோகிராம் மூலம் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். அந்தப் பென் டிரைவில் முன்பே இருந்தது எல்லாம் அழிந்துவிடும். ஆகவே காலியானதை எடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே எஃப்12 பொத்தானை விட்டு விட்டு அழுத்தினால், எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும். சில கம்பெனிகளுக்கு எஃப்9, எஃப்11, எஃப்8 என்று மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. புதிய கம்ப்யூட்டர்களில் 'செக்யூர் பூட்' என்ற காவல் இருக்கும். சில மீட்பு டிஸ்க்குகள் ஓட அதை நிறுத்த வேண்டியிருக்கும். உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், அந்தக் காவலை மாற்றிய பின் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மீட்பு டிஸ்கிலிருந்து கணக்கைத் திறக்கவும் அந்த எண் வேண்டும். அது இல்லையேல் கணக்கு நம்முடையதாக இருந்தும் திறக்க முடியாது. எண் இருக்கும் இடத்தை முன்பே தெரிந்து, எழுதிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

நெட்வொர்க் வரவில்லையா? படிப்படியாகப் பாருங்கள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கணக்கு சிறியதாக இருந்து, போதிய இடமுள்ள பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்கோ கையில் இருந்தால், அதில் நகல் எடுத்துவிடுங்கள். நெட்வொர்க்கைத் தேடவே வேண்டாம். கணக்கு பெரிதாக இருந்தாலோ, வெளியூரில் உள்ள நிபுணர் தன் இடத்திலிருந்தே பார்க்க வேண்டியிருந்தாலோ, வரித் தளத்துக்கு உடனே போக வேண்டியிருந்தாலோதான் நெட்வொர்க் தேவைப்படும். அப்போது கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். வரிசை முக்கியம், முதல் இரண்டுக்குக் காசு செலவே இல்லை.

1. விளக்கைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் பின்புறம் கேபிள் சொருகும் வாயின் ஓரத்தில் பச்சை அல்லது மஞ்சள் விளக்கு இருக்கும். எரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்; சுவிட்ச் பெட்டியில் வேறு வாயில் சொருகிப் பாருங்கள். அரிசி மூட்டைக்கு அடியில் நசுங்கிய கேபிளால் எத்தனையோ கடைகளில் மெக்கானிக்குக்கு வீண் கூலி போயிருக்கிறது.

2. கரண்டை முழுவதுமாக எடுங்கள். விண்டோஸ் சில சமயம் நெட்வொர்க் கார்டைத் தூங்க வைத்துவிட்டுப் போய்விடும். லினக்ஸ் வந்து தட்டினாலும் அது விழிக்காது. கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவரிலுள்ள பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் சொருகிக் கிளப்புங்கள். பயாஸ் அமைப்பில் 'ஆன்போர்டு லேன்' அணைத்து வைக்கப்பட்டுள்ளதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

3. கார்டின் அடையாள எண்ணைக் கேளுங்கள். லினக்ஸ் டிஸ்கில் கறுப்புத் திரையைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, என், என், கே என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் இரண்டு பகுதியாக ஓர் எண் இருக்கும். முதல் பகுதி கம்பெனி, இரண்டாவது பகுதி மாடல். 10இசி என்றால் ரியல்டெக். 8086 என்றால் இன்டெல். 14இ4 என்றால் பிராட்காம். மூட்டையில் அச்சடித்த மில் பெயரும் ரகமும் போல இது. பழைய டிஸ்க்குக்குக் கார்டின் பெயர் தெரியாவிட்டாலும் இந்த எண் தெரியும். இதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பட்டியலில், ஈதர்நெட் வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி வர வேண்டும். வந்தால் துபாஷி வேலைக்கு வந்துவிட்டார் என்று பொருள். பிரச்சினை வேறு இடத்தில். அந்த வரியே இல்லை என்றால் டிரைவர் இல்லை. டிஸ்க் பழையது என்பதே பெரும்பாலும் காரணம். பழைய டிஸ்கோடு மல்லுக்கட்டாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரில் புதியதை இறக்குங்கள். இரவு முழுவதும் போராடுவதைவிட இது மலிவு.

5. வைஃபை என்றால் இன்னொரு சிக்கல். பல வைஃபை கார்டுகளுக்கு டிரைவர் மட்டும் போதாது; கார்டுக்குள்ளேயே ஏற்ற வேண்டிய 'ஃபர்ம்வேர்' என்ற கோப்பும் வேண்டும். உரிமைக் காரணங்களால் டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் இதைத் தங்கள் அதிகாரப்பூர்வ டிஸ்கில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் சேர்த்தார்கள். சாதாரண விண்டோஸ் பி.இ.-யிலும் வைஃபை கிடையாது. ஆகவே ஆபத்து நேரத்தில் கேபிளையே நம்புங்கள்.

6. விண்டோஸ் பி.இ. என்றால் டிரைவரை நாமே ஏற்றலாம். கார்டு கம்பெனியின் தளத்தில் கிடைக்கும் டிரைவரை விரித்துப் பார்த்தால் ஐ.என்.எஃப். என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். கறுப்புத் திரையில் 'டிரைவர் லோட்' என்பதன் சுருக்கமாக டி, ஆர், வி, எல், ஓ, ஏ, டி என்று அடித்து, அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைக் கொடுத்தால் கார்டு உயிர் பெறும். 64 பிட் டிஸ்க்குக்கு 64 பிட் டிரைவரே வேண்டும். இரட்டைச் சொடுக்கில் நிறுவும் வழக்கமான செட்டப் கோப்பை நம்ப வேண்டாம். அதை விரித்துத்தான் எடுக்க வேண்டும். இப்படி ஏற்றியது கம்ப்யூட்டரை அணைக்கும் வரைதான் இருக்கும் என்பதையும் கவனத்தில் கொள்க.

7. டிரைவர் இருக்கிறது, இணைப்பு இல்லை என்றால்? கம்ப்யூட்டர் தனக்கு எந்த முகவரி கிடைத்தது என்று காட்டும். அது 169.254 என்று தொடங்கினால் கார்டு வேலை செய்கிறது. ஆனால் ரவுட்டர் முகவரி தரவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்து ஏற்றுங்கள். கார்டைக் குறை சொல்லி அதை மாற்றக் கிளம்பாதீர்கள்.

8. எல்லாம் சரி, மற்றக் கம்ப்யூட்டர் கதவு திறக்கவில்லை என்றால்? பழைய டிஸ்க்குகள் கோப்புப் பகிர்வுக்குப் பழைய முறை ஒன்றைப் பயன்படுத்தும். 2017-ன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக்காகத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. இதற்கும் மருந்து புதிய டிஸ்க்தான்.

இரண்டு குறுக்கு வழிகள்

டிரைவர் கிடைக்கவே இல்லையா? கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரில் சொருகி, போன் அமைப்பில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்குங்கள். பெரும்பாலான லினக்ஸ் டிஸ்க்குகள் அந்தப் போனையே நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொள்ளும். வரித் தளத்தில் நுழையவும், வெளியூர் நிபுணர் உள்ளே வந்து பார்க்கவும் இது போதும். பெரிய கணக்கை இந்த வழியில் அனுப்பினால் போனின் டேட்டா தீர்ந்துவிடும், கவனம்.

இன்னொன்று, யு.எஸ்.பி. லேன் அடாப்டர். ஒரு பக்கம் யு.எஸ்.பி., மறு பக்கம் கேபிள் வாய். ரியல்டெக் 8153 அல்லது ஏசிக்ஸ் 88179 சில்லு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இவற்றுக்கு லினக்ஸில் பல ஆண்டுகளாக டிரைவர் இருக்கிறது. ஒன்று வாங்கிக் கல்லா அறையில் போட்டு வைத்தால், சங்கத்து நண்பர்கள் பத்துப் பேருக்கும் உதவும்.

செய்யக் கூடாதவை

கணக்கு வெளியே வந்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட் என்ற சொல்லையே காதில் வாங்க வேண்டும். மெக்கானிக் அவசரப்படுத்தினாலும் அசைந்து கொடுக்காதீர்கள்.

மீட்பு டிஸ்கில் இருக்கும்போது பழைய ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுத வேண்டாம். எடுப்பது மட்டுமே வேலை. 'படிக்க மட்டும்' என்று லினக்ஸ் சொன்னால் பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது டிரைவர் நோயல்ல. டிஸ்க்கே சாகும் தறுவாயில் இருக்கிறது. மேலும் ஓட்டினால் இருப்பதும் போகும். தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டு செல்லுங்கள்.

சோதனைப் பதிப்பு டிஸ்க்குகளையும் கடைக் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். 2008-ல் லினக்ஸின் ஒரு சோதனைப் பதிப்பில் இருந்த பிழையால் சில இன்டெல் நெட்வொர்க் கார்டுகளின் உள் நினைவகமே அழிந்து, கார்டுகள் செயலிழந்தன. பிழை கண்டுபிடித்துத் திருத்தப்பட்டது என்றாலும், சோதனைக்குக் கடை கம்ப்யூட்டரா கிடைத்தது?

சட்டமும் இதையே சொல்கிறது

2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டப்படி, கணக்குப் புத்தகங்களையும் பதிவேடுகளையும் அந்த ஆண்டுக்கான ஆண்டுப் படிவத்தின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். கணக்கை மின்னணு முறையில் வைத்திருப்பவர்கள் முறையான நகலும் வைத்திருக்க வேண்டும். விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ பதிவு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 கூறுகிறது. 'கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது சார்' என்பது அதிகாரியிடம் செல்லுபடியாகும் பதிலல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இன்றே செய்ய வேண்டியவை

ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது போல் கம்ப்யூட்டருக்கும் வைக்கிறோம். அன்றைக்கே இன்னொரு வேலையையும் வழக்கமாக்கிக் கொள்வோம்.

பழைய மீட்பு டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த ஆண்டின் புதிய பதிப்பை ஏற்றுங்கள். கடை அடைத்த பிறகு அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்புங்கள். நெட்வொர்க் வருகிறதா என்று பாருங்கள். கணக்கு அடைவு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கோப்பை மற்றக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பாருங்கள். பிறகு அணைத்துவிட்டு வழக்கம் போல் விண்டோஸில் வாருங்கள். பார்ப்பதோடும் நகல் எடுப்பதோடும் நிறுத்திக்கொண்டால் கம்ப்யூட்டரில் எதுவும் மாறியிருக்காது. அரை மணி நேர வேலை.

வேலை முடிந்ததும் ஒரு காகிதத்தில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: நெட்வொர்க் கார்டின் அடையாள எண், கணக்குப் புரோகிராமின் தரவு இருக்கும் அடைவு, மற்றக் கம்ப்யூட்டரின் பெயரும் கடவுச்சொல்லும், பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்பு எண். கார்டின் அடையாள எண்ணை விண்டோஸிலேயே 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் நெட்வொர்க் அடாப்டரின் விவரப் பக்கத்தில் பார்க்கலாம். காகிதத்தையும் டிஸ்க்கையும் யு.எஸ்.பி. அடாப்டரையும் ஒரே உறையில் போட்டு, கடைப் பத்திரங்களோடு வையுங்கள். கணக்கின் அன்றாட நகலைக் கடைக்கு வெளியே வீட்டில் ஒன்று வைப்பதையும் மறக்க வேண்டாம். மீட்பு டிஸ்க் அந்த நகலுக்கு மாற்று அல்ல. நகல் எடுத்த பிறகு நடந்த வியாபாரத்தைக் காப்பாற்றும் துணை மட்டுமே.

நண்பர் கடையில் அன்று இரவு கிடங்கில் இன்னொரு கம்ப்யூட்டர் நல்ல நிலையில் இருந்தது, அதில் நெட்டும் இருந்தது, அதனால் தப்பித்தோம். ஒரே கம்ப்யூட்டர் உள்ள கடையாக இருந்திருந்தால் புதிய டிஸ்க் செய்ய அந்த நேரத்தில் எங்கே போயிருப்போம்? மறுநாள் நண்பர் என்னிடம் கேட்டது இதைத்தான். இன்று அவர் கல்லா இழுப்பறையில் மஞ்சள் தடவிய உறை ஒன்று இருக்கிறது. மேலே அவர் கையெழுத்தில், "ஃபார்மேட் செய்யுமுன் இதைப் பிரிக்கவும்" என்று எழுதியிருக்கிறது. அப்படி ஓர் உறை நம் ஒவ்வொருவர் கடையிலும் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.